அறுநூற்று ஐம்பது டோக்கன்

என் தங்கையின் கணவரை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கேட்டுக்காரர் என்றால்தான் தெரியும். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் வனத்துறையின் இரும்புக் கேட் ஒன்று இருக்கிறது. அதில் பத்தொன்பது வருஷம் நின்றவர். அதற்கு நேர் எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், என் கடை. மலையேற வருகிறவர்களுக்கு பூட்ஸ், ஊன்றுகோல், மழைக்கோட்டு எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறேன். காலையில் கடையைத் திறந்தால் அவர் முகம்தான் முதலில் கண்ணில் படும்.

அவரைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசிவிட்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து பேசினேன். பேச வேண்டிய ஒன்றை மட்டும் பேசாமல் விழுங்கிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத ஆரம்பிக்கும்போதே காது மடல் சுடுகிறது.

கல்யாணமான புதிதில் எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பெல்லாம் கிடையாது. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. தங்கைக்கு எல்லாமே நான்தான். என் தங்கையின் வாய்க்கு ஊரே பயப்படும்; அவளுக்கு வாய்த்தவரோ கேட்ட கேள்விக்கே அரைப் பதில் சொல்கிற ஆள். போயும் போயும் ஒரு கேட் காவலாளியா என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் வேலை செய்வதைத் தினமும் எதிரிலிருந்து பார்த்துப் பார்த்து என் எண்ணம் மாறிவிட்டது.

அந்த வேலை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலத்தான் தெரியும். ஒரு பெரிய மரப்பலகை, அதில் வரிசை வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் எண் அடித்த அலுமினிய டோக்கன். மேலே போகிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும்; இறங்கி வந்ததும் தன் கையாலேயே திரும்ப மாட்ட வேண்டும். மாட்டும்போது மாப்பிள்ளை அவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். சாயங்காலம் ஆறு மணிக்குப் பலகை நிறைந்திருந்தால் கேட்டைப் பூட்டுவார். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவார். அந்தக் காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேர் வந்தால் பெரிய விஷயம். கால் பிசகிய ஒரு கல்லூரிப் பையனை முதுகில் சுமந்துகொண்டே இறங்கி வந்திருக்கிறார். அவருக்குத் துணையாக நானும் இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டேதான் ஏறினேன்.

ஆறு மணிக்குப் பூட்டுமுன் சாலையைத் தாண்டி என் பக்கம் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். உங்க பக்கம் எல்லாம் வந்துருச்சா மச்சான் என்பார். என் கடையில் பூட்ஸ் எடுக்கிறவர்கள் தங்கள் செருப்பை விட்டுவிட்டுத்தான் போவார்கள். சுவரில் நான் அடித்து வைத்திருக்கும் கட்டங்களுக்கும் எண் உண்டு. எந்த எண் பூட்ஸோ அந்த எண் கட்டத்தில் செருப்பு. சாயங்காலம் கட்டத்தில் பூட்ஸ் திரும்பியிருந்தால் ஆள் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். பலகையில் ஒரு பார்வை, என்னிடம் ஒரு கேள்வி, அப்புறம் பூட்டு. இதுதான் அவருடைய வழக்கம். வனத்துறை சட்டத்தில் இதெல்லாம் கிடையாது, அவராக வைத்துக்கொண்டது.

பிறகு கூட்டம் வந்தது. எப்படி வந்தது, யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியாது. யாரோ உச்சியில் நின்று படம் எடுத்துப் போட்டார்கள். மறு வருஷம் அந்தப் பாறையில் நிற்கவே வரிசை. இப்போது சீசனில் வந்து பாருங்கள். விடியுமுன்னே சாலையில் இரண்டு கிலோமீட்டருக்கு வண்டிகள் நிற்கும். ஒற்றையடிப் பாதை என்ற பெயர்தான் மிச்சம். ஏறுகிறவனுக்கு இறங்குகிறவன் ஒதுங்கி, இறங்குகிறவனுக்கு ஏறுகிறவன் ஒதுங்கி, ஓரத்துப் புல்லெல்லாம் மிதிபட்டுப் பாதை மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு ஆகிவிட்டது. பாதி வழியில் ஒரு பாறை இடுக்கு. உடம்பை ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். அங்கே முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். தனிமையைத் தேடி வந்தேன் என்பவருக்கு முன்னால் நாற்பது பேர், பின்னால் நாற்பது பேர். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழேதான் எல்லாரும் நின்று சத்தம் போட்டுப் பேசிக்கொள்வார்கள், ஏனென்றால் அந்தப் பாதையில் நிழல் அங்கே மட்டும்தான் இருக்கிறது.

ஒரு நாளைக்கு நானூறு பேருக்கு மேல் விடக் கூடாது என்று விதி. நானூறு பேரும் சாயங்காலம் ஒரே நேரத்தில் இறங்கினால், ஆளுக்கு ஒரு டோக்கன் மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும். பசி, கால்வலி, குழந்தைகள் அழுகை, வண்டிக்காரர்கள் ஹாரன். ஒருவர் டோக்கனை மாப்பிள்ளையின் முகத்தில் விட்டெறிந்தார். அதற்கு அடுத்த வாரம்தான் மாப்பிள்ளை வேலிக் கம்பியை வளைத்து வளையங்கள் செய்தார். கும்பலாக வருகிறவர்களில் தலைவர் என்று ஒருவர் இருப்பாரே, அவர் கையில் ஒரு வளையம். கடைசித் திருப்பத்தில் தன் ஆட்களிடம் டோக்கன்களை வாங்கிக் கோத்து, மொத்தமாகக் கேட்டில் கொடுத்துவிடலாம். மாப்பிள்ளை எண்ணைப் பார்த்து மாட்டிக்கொள்வார். ஒன்றரை மணி நேர வேலை இருபது நிமிஷத்தில் முடிந்தது.

ரேஞ்சர் வந்து பார்த்து அசந்துபோனார். மலையின் மற்ற இரண்டு கேட்டுகளிலும் இதே முறையைக் கொண்டுவரச் சொன்னார். மாப்பிள்ளையின் படத்தை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். என் தங்கை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். தெருவில் ஒருவர் விடாமல் காட்டினாள். முன்பெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தார், இப்போது எண்ணை மட்டும் பார்க்கிறார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கு அன்றைக்கே உறைத்தது என்று சொன்னால் அது பொய்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தது. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாமல் மேலிடமே விதியைத் தளர்த்தி, இன்னும் இருநூற்றைம்பது டோக்கன்களை ஒட்டுப்பலகையில் வெட்டி வர்ணம் பூசி அனுப்பியது. அந்தச் சனிக்கிழமை மேலே போனவர்கள் அறுநூற்று ஐம்பது பேர்.

அதில் ஓர் அம்மா. ஐம்பது, ஐம்பத்திரண்டு வயது இருக்கும். ஏதோ ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். நகரத்துப் பூங்கா ஒன்றில் காலையில் சேர்ந்து நடக்கிறவர்கள் இருபத்தாறு பேர் இரண்டு வேன்களில் வந்தார்கள், அவர்களில் ஒருவர். என் கடையில் ஏழெட்டுக் கைகள் ஒரே நேரத்தில் நீண்டுகொண்டிருந்தன. அவருக்கு நாற்பத்தொன்றாம் எண் பூட்ஸைக் கொடுத்தேன். காலில் போட்டு நடந்து பார்த்துவிட்டு, காலுக்கு பூட்ஸ் குடுத்துட்டீங்க, முட்டிக்கு ஏதாவது வாடகைக்கு இருக்கா என்று கேட்டார். அடுத்த சீசனுக்கு வரவழைக்கிறேன் என்றேன். இருவரும் சிரித்தோம். பழுப்பு நிறச் செருப்பு, ஒரு வார் அறுந்து வேறு நூலால் தைத்திருந்தது. அதை நானேதான் வாங்கிக் கட்டத்தில் வைத்தேன். ஆக, ஆள் யாரென்றே தெரியாது என்று நான் தப்பிக்க முடியாது.

மேலே நடந்தது எல்லாம் பிறகு தெரிந்ததுதான். இறங்கும்போது அந்த அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. நீங்க போங்க, மெதுவா வரேன் என்று சொல்லி எல்லாரையும் முன்னால் அனுப்பினார். தலைவர் டோக்கனை வாங்கிக்கொண்டார். வாங்கிக் கோப்பதுதானே முறை. கீழே முதல் வேனில் இருந்தவர்கள் அவர் இரண்டாவது வேனில் இருக்கிறார் என்று நினைத்தார்கள். இரண்டாவது வேனில் இருந்தவர்கள் அவர் முதல் வேனிலேயே போய்விட்டார் என்று நினைத்தார்கள். வீட்டில் அவர் தனி ஆள். வரவில்லையே என்று தேட யாரும் இல்லை.

ஆறு மணிக்கு என் கடையில் சேறும் பூட்ஸுமாகக் கிடந்தது. தொண்ணூறு ஜோடியை எடுத்து அடுக்கிக்கொண்டே வந்தேன். நாற்பத்தொன்றில் பழுப்புச் செருப்பு அப்படியே இருந்தது. பூட்ஸ் வரவில்லை.

என் மனசில் என்ன ஓடியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில், பழைய செருப்பைத் தலையில் கட்டிவிட்டு நல்ல பூட்ஸோடு கிளம்பிவிட்டாள் என்று கோபம் வந்தது. சீசனில் அப்படி நாலைந்து நடக்கும். உடனே, ஒருவேளை இன்னும் இறங்கவில்லையோ என்றும் தோன்றியது. தோன்றவே இல்லை என்றால் எனக்கு இன்றைக்குத் தூக்கம் வந்துவிடும். முட்டிவலிக்காரர் என்பது நினைவுக்கு வந்தது. மலையைப் பார்த்தேன், மேலே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இதை மாப்பிள்ளையிடம் சொன்னால் டார்ச்சை எடுத்துவிடுவார். அவர் போனால் நானும் போக வேண்டும். விடியற்காலை நாலு மணியிலிருந்து நின்ற கால் இரண்டும் கெஞ்சியது.

அந்த நேரம் பார்த்து அவர் எதிரிலிருந்து கையைத் தூக்கினார். "பலகை நிறைஞ்சிருச்சு மச்சான். உங்க பக்கம் எல்லாம் வந்துருச்சா?"

"வந்துருச்சு, வந்துருச்சு. பூட்டிட்டுக் கிளம்புங்க" என்றேன்.

பலகைதான் நிறைந்துவிட்டதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் பூட்டினார். ஒரே ஸ்கூட்டரில் இரண்டு பேரும் ஊருக்குப் போனோம். வழியில் அவர், அறுநூற்று ஐம்பதும் சரியா வந்துருச்சே என்று இரண்டு தடவை சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அந்த அம்மா கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆறே முக்கால். காட்டு விலங்குகளுக்காக அடித்த இரும்பு வேலி எட்டடி உயரம். அங்கே போன் எடுக்காது. கேட்டுக்கு உள்பக்கம், பலகைக்கு மேலே ஒரு தகரச் சார்ப்பு உண்டு. விடிய விடிய அதன் கீழே இருந்திருக்கிறார். மழை வேறு.

காலையில் நாங்கள் போனபோது கேட்டுக்கு வெளியே எண்பது பேருக்கு மேல் நின்றார்கள். வழக்கமாகப் பாதையை மறிக்கிற கூட்டம், அன்றைக்கு ஒழுங்காக அரைவட்டமாக நின்றது. யாரோ கம்பி இடுக்கு வழியாக ஒரு போர்வையைக் கொடுத்திருந்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சாவி பூட்டில் நுழையவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் வாங்கித் திறந்தார்.

அந்த அம்மா கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். நிற்க முடியாமல் நின்றுகொண்டு அவரைப் பார்த்துச் சொன்னார்: "மன்னிச்சுக்கோங்க சார். ஆறு மணிக்குள்ள வந்திருக்கணும். என்னால முடியல."

எங்களைத் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்போம். மாப்பிள்ளை கைத்தாங்கலாக அவரைச் சாலைக்கு இந்தப் பக்கம் என் கடைக்கு அழைத்து வந்தார். ஊறி உப்பிய கால்களிலிருந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் நான் ஓடிப்போய் அந்தப் பழுப்புச் செருப்பை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தேன். அவ்வளவு அவசரமாக நான் எந்த வாடிக்கையாளருக்கும் எதையும் எடுத்துக் கொடுத்ததில்லை. மாப்பிள்ளை குனிந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

நுரையீரலில் சளி கட்டி, அந்த அம்மா எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தார் என்று கேள்விப்பட்டேன். பிழைத்துக்கொண்டார். அதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ளப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

ரேஞ்சர் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. ரேஞ்சருக்குச் சங்கடம். வளையத்தைப் புகழ்ந்து கையெழுத்துப் போட்டவர் அவர். டோக்கனை அடுத்தவரிடம் கொடுக்கக் கூடாது என்று நுழைவுச் சீட்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறது, ஆகவே தவறு பயணியுடையது என்று எழுதி முடித்துவிடலாம் என்றார். அந்த அம்மாவும், டோக்கனைக் கொடுத்தது என் தவறு, கேட்டில் இருந்தவரைத் தண்டிக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்தே எழுதி அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் போதும், வேலை தப்பியிருக்கும்.

அவர் எழுந்து, டோக்கனைக் கொடுக்கச் சொன்னதே நான்தான் சார் என்றார். வளையம் என் ஏற்பாடு, அவங்கமேல எழுதாதீங்க என்றார். பத்தொன்பது வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேசி முடித்ததும் கழுத்து வரை சிவந்துபோய் உட்கார்ந்தார். தினமும் ஆறு மணிக்கு என்னிடம் ஒரு கேள்வி கேட்பதைப் பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை. அப்போது, அது அவருக்கு ஞாபகம் வரவில்லை என்று நினைத்தேன். ஞாபகம் வரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

ரேஞ்சர் என் பக்கம் திரும்பினார். நீங்க எதிர்லயே இருக்கீங்க, ஏதாவது கவனிச்சீங்களா என்று கேட்டார்.

"கூட்டத்துல ஒண்ணும் தெரியல சார்" என்றேன்.

கூட்டத்தைப் போல வசதியான சாக்கு உலகத்தில் வேறில்லை. யார்மேல் வேண்டுமானாலும் பழி போடலாம், கூட்டம் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வனத்துறையின் நாற்றுப் பண்ணை இருக்கிறது. அங்கே பைகளில் மண் நிரப்பும் வேலை. அறிவிப்புப் பலகையிலிருந்து படத்தைக் கிழித்தார்கள். கேட்டில் இப்போது ஒரு மெஷின் நிற்கிறது. கூட்டம் குறையவில்லை. என் கடையில் தொண்ணூறு ஜோடி போதாமல் இன்னும் முப்பது வாங்கிப் போட்டிருக்கிறேன். நாற்பத்தொன்றாம் எண்ணை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. அது ஒன்றும் பெரிய தண்டனை இல்லை என்று எனக்கே தெரியும்.

போன மாதம் தங்கை சாப்பிடக் கூப்பிட்டாள். ஒன்றரை வருஷமாக ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துவந்தேன், அன்றைக்கு முடியவில்லை. மாப்பிள்ளை நகக்கண்ணில் மண்ணோடு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். பேச்சு எங்கெங்கோ போய், தெருவில் யாரோ இன்னமும் அந்த ஆஸ்பத்திரி அம்மாவைப் பற்றிக் கேட்டதில் வந்து நின்றது. தங்கைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"எங்க அண்ணனும் அதே கூட்டத்துலதான் கடை வச்சிருக்காரு. இத்தனை வருஷத்துல ஒரு ஜோடி செருப்பு மாறிப் போயிருக்கா? வேலையில கண்ணு இருக்கணும்ங்க" என்றாள் அவரிடம். சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். ஆமாம் என்பது போல. அந்த இடத்திலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து தண்ணீரைக் குடித்தேன். குடித்து முடித்தபோது தைரியம் போய்விட்டது. வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிக் கிளம்பினேன். அவர் வாசல்வரை வந்தார்.

ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, "மாப்பிள்ளை, அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் வந்துருச்சுன்னு சொன்னேனே..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மச்சான்" என்றார். "காலையில அந்த அம்மா கேக்கறதுக்கு முன்னாடியே செருப்பைக் கொண்டுவந்து வச்சீங்க. கூட்டத்துல எது யாரோடதுன்னு தேடவே இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இப்பவே உள்ளே போய் அவகிட்டச் சொல்லிடறேன் என்றேன்.

அவர் வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வேணாம் மச்சான். என்னை வச்சு அவளுக்கு இருந்த பெருமை போயிடுச்சு. தெருவுல நாலு பேர்கிட்டச் சொல்லிக்க அவளுக்கு நீங்க ஒருத்தராவது இருங்க."

கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே தங்கை தட்டுகளை எடுத்து அடுக்கும் சத்தம் கேட்டது. பத்தடி நடந்தால் போதும். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே என்று மறுபடியும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வது எனக்கே கேட்டது. தங்கை ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, பாத்துப் போண்ணா என்றாள். நான் அவளுக்குக் கையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.